ஷீட் மடிக்கையில் யார் நடப்பது

ஜூன் 3, செவ்வாய்

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று டீ நேரத்தில் நான் துணி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேல் நாலு கம்பளியைப் போட்டுக்கொண்டு, ஒட்டுக்கேட்டேன். வயது நாற்பத்தெட்டு.

எதற்கென்றால், எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஷீட் மடிக்கிற கொக்கும் மகாராணியும் பதினைந்து நாளாகப் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டீக்கு எல்லோரும் வெளியே போனபிறகு அவர்கள் இருவர்தான் அறையில் இருப்பார்கள், தனியாக இருந்தால் திட்டிக்கொள்வார்கள், திட்டினால் காரணம் வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள். எந்த மூச்சு என்றுகூடத் தெரியவில்லை. கம்பளி வேறு இதமான சூட்டில் இருந்தது. கண்ணை மூடினேன்.

வண்டிக்காரர் வந்து, வண்டியை லிஃப்டில் ஏற்றி, மூன்றாம் மாடி பிரசவ வார்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். நர்ஸ் கம்பளியைத் தூக்கினாள். நான் வணக்கம் சொன்னேன்.

வண்டிக்காரர் அதற்குப் பிறகு சொல்கிறார்: "நானும் நெனச்சேன், இன்னைக்கு என்னடா கம்பளி இந்தக் கனம் கனக்குதேன்னு."

ஜூன் 4, புதன்

இந்த டைரி வீட்டுக்காரருக்கு டயர் கடையில் சும்மா கொடுத்தது. பஸ் ஓட்டுகிறவருக்கு எழுத என்ன இருக்கிறது என்று என்னிடம் தள்ளிவிட்டார். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு டைரி கிடைத்தால் இப்படித்தான், ஊர்க்கதை எல்லாம் ஏறும்.

பின்னால் நானே படித்துக் குழம்பக்கூடாது என்று ஆட்களை எழுதி வைக்கிறேன். எங்களுடையது ஆஸ்பத்திரி சலவைக்கூடம். கீழ்த்தளத்தில் அழுக்குத்துணி பிரிக்கிறார்கள். மேலே எங்கள் அறையில் துவைப்பு, இஸ்திரி, மடிப்பு. எனக்கு ரோலர். சூடான உருளைகளுக்கு நடுவில் ஈர ஷீட்டை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடவேண்டும். அந்தப் பக்கம் மொடமொடவென்று வரும். பெரிய ஷீட், ஒரு ஆளால் மடிக்கமுடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்க இரண்டு பேர். ஒன்பது வருடமாக அந்த இரண்டு பேர் கொக்கும் மகாராணியும்தான்.

கொக்குக்கு நாற்பது வயது. ஏன் கொக்கு என்று கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மகாராணிக்கு ஐம்பத்தைந்து, கொக்கு அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவாள். பேர் வைப்பது நம் தொழில், ஆனாலும் மூத்தவர் என்று அவருக்கு மட்டும் வெகுநாள் வைக்காமல் விட்டிருந்தேன். போன மாதம் ஏதோ பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டது. எதற்கு வைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. துவைக்கிற மெஷின்காரர் இடி அண்ணன். இருபது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவர். ரகசியத்தைக்கூட முழங்கித்தான் சொல்வார்.

அவரிடம் கேட்டேன், இவர்களுக்குள் என்ன என்று.

"பொம்பளைங்க சண்டைக்குக் காரணம் வேணுமா?" என்று முழங்கினார்.

"நீங்களும் உங்க மச்சானும் ஆறு வருஷமா பேசறதில்லையே, அது எந்தப் பொம்பளைங்க சண்டை அண்ணே?"

மெஷின் மூடியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜூன் 5, வியாழன்

மகாராணி இளைய மகனுக்குப் பெண் பார்த்தபோது கொக்கைக் கூப்பிடவில்லையோ? விசாரித்தேன். கூப்பிட்டிருக்கிறார். போய் இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறாள்.

கத்தரிக்கோல் காணாமல் போனதே, அதுவோ? இல்லை. அது என் ஏப்ரனில் இருந்தது. (யாரிடமும் சொல்லவில்லை.)

ஜூன் 7, சனி

இன்று ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை நாள் எப்படிப் படாமல் போனது!

ஷீட் வெளியே வருகிறது. ஆளுக்கு இரண்டு முனை பிடிக்கிறார்கள். உதறுகிறார்கள். நீளவாக்கில் மடிக்கிறார்கள். அதுவரை சரி. அதற்குப் பிறகு ஒருவர் மற்றவரிடம் நடந்துபோய்த் தன் முனையைக் கொடுக்கவேண்டும். யாரும் நடக்கவில்லை. இருவரும் அப்படியே நிற்கிறார்கள். நடுவில் ஷீட் தூளி மாதிரி தொங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பதினொன்றுவரை போயிற்று. பிறகு ஒருத்தி முனையை மேசைமேல் போட்டாள், மற்றவர் இழுத்துத் தனியாகச் சுருட்டினார். மடிப்பு இல்லை அது, மூட்டை.

பக்கத்தில் மடிக்காதது மலைபோலக் கிடக்கிறது.

சண்டை என்றால் வாயில்தானே நடக்கும்? இது காலில் நடக்கிறது.

ஜூன் 9, திங்கள்

வார்டிலிருந்து ஆறு போன். ஷீட் இல்லாமல் நோயாளி வெறும் மெத்தையில் படுத்திருக்கிறாராம்.

ஜூன் 10, செவ்வாய்

சூப்பர்வைசர் மேடம் வந்தார். கத்தமாட்டார். மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். சுவரோரம் நின்று நாலு ஷீட் மடிப்பதைப் பார்த்தார். நாலும் மூட்டை.

"ரெண்டு பேருக்கும் என்ன பிரச்னைன்னு நான் கேட்கப் போறதில்லை. கீழே பிரிக்கிற இடத்துல ஒரு ஆள் குறையுது. முப்பதாம் தேதி வந்து பாப்பேன். இப்படியே இருந்தா, உங்கள்ல ஒருத்தர் கீழே. இங்க புது ஆள் போட்டுக்கறேன்."

"யாரு மேடம்?" என்று கேட்டது நான்தான். என் வாய் எனக்கு முன்னால் போகும்.

"மடிக்கிற வேகம் யாருக்குக் கம்மியோ அவங்க."

எல்லோரும் மகாராணியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அவருக்கு இளைப்பு உண்டு. ஒன்பது வருடம் முன்னால் கீழே இருந்தவர்தான். அங்கே அழுக்குத்துணியில் தெளிக்கிற மருந்து நெடியில் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்து, பதினாறு நாள் மேல்மாடி வார்டிலேயே படுத்து, அதன்பிறகுதான் மடிப்புக்கு மாற்றினார்கள். மறுபடி கீழே என்றால் வேலையை விடவேண்டியதுதான். அவர் சம்பளத்தில்தான் வீடு.

கொக்கின் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த முகமாக இல்லை. வெளுத்துப் போயிருந்தது. அப்படியானால் ஏன் இறங்கி வரமாட்டேன் என்கிறாள்? என்னதான் இருக்கிறது அவர்களுக்கு நடுவில்?

ஜூன் 12, வியாழன்

சாப்பாட்டு மேசை ஒன்று, இரண்டாகிவிட்டது. ஜன்னல் பக்கம் கொக்கு கட்சி, கதவுப் பக்கம் மகாராணி கட்சி. நான் நடுவில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், பஸ்ஸில் இடம் கிடைக்காதவள் மாதிரி. பொத்தான் தைக்கிறவள் தலைவலி என்று இரண்டு நாள் லீவு. இடி அண்ணன் மெதுவாகப் பேசுகிறார், நம்பமுடியவில்லை. எனக்கு நெஞ்செரிச்சல். சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேர், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏழு பேர்.

நான் கிண்டல் பண்ணினால்கூட யாரும் சிரிப்பதில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம், உண்மையைச் சொன்னால்.

ஜூன் 16, திங்கள்

கொக்கு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். ரோலரை ஒரு நாளைக்கு வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, கொக்கு இடத்தில் நான் நின்றேன். உதவி என்று சொல்லிக்கொண்டேன். உளவுதான்.

மகாராணி மேசையோரம் நின்றார். நான் எதிரில். உதறினோம், மடித்தோம். அவர் நின்றார். நான் நடந்தேன். அஞ்சு அடி. முனையைக் கொடுத்தேன், தொங்குகிற மடிப்பைப் பிடித்துப் பின்னால் வந்தேன், மறுபடி நடந்தேன். இப்படி ஒன்று, பத்து, முப்பது. நாற்பதாவது ஷீட்டில் என் காலுக்கே ஒரு எண்ணம் வந்தது: இந்த அம்மா ஒரு அடி எடுத்து வைத்தால் என்ன?

மதியத்துக்கு மேல் "அக்கா, கொஞ்சம் இடம் மாத்திக்கலாமா" என்று கேட்டு அவர் இடத்தில் நின்றேன். முகம் சுளித்தாலும் மாறி நின்றார். ஆனால் நடக்கவில்லை, மேசையில் போட்டார். சரி என்று கண்ணை மூடி நின்று பார்த்தேன், அந்த இடம் எப்படி இருக்கும் என்று. ஒருத்தி நம்மை நோக்கி வருகிறாள். முகத்துக்கு நேரே முகம். விரலில் விரல் படுகிறது. போகிறாள், மறுபடி வருகிறாள். ஒரு நாளைக்கு முன்னூறு ஷீட். இத்தனை தடவை நம்மைத் தேடி வந்தவள் ஒருநாள் வராமல் அங்கேயே நின்றுவிட்டால்?

இரண்டு இடத்திலும் நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரி இருக்கிறது. இது என்னடா வம்பு.

ஜூன் 18, புதன்

கேட்டே விட்டேன். கொக்கு கைகழுவும் இடத்தில் தனியாக இருந்தாள்.

"ஏண்டி, நீ ஏன் நடக்கிறதை நிறுத்தினே?"

திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "நிஜமாவே உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சா வண்டிக்குள்ள ஏறி உட்காருவேனா?"

"தரையைப் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். மடிப்பு மேசைக்கு முன்னால் பச்சை பெயிண்ட் அடித்த தரை. கொக்கு நடக்கிற இடத்தில் பெயிண்ட் போய், சிமெண்ட் தெரிந்து, ஒற்றையடிப்பாதை மாதிரி ஒரு கோடு. மகாராணி பக்கம் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் தேய்ந்திருக்கிறது.

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம், டீ நேரம், எல்லோரும் இருந்தார்கள். இந்தத் தரையைக் காட்டி நான்தான் சொன்னேன்:

"பாருங்கடி, கொக்கு நடந்து நடந்து தரையையே தேய்ச்சுட்டா. இவங்க மகாராணி, நின்ன இடத்துக்குத் தானா வரும். ஏண்டி கொக்கு, அந்த ரெண்டு பாதத்துக்கும் தினம் பூப்போட்டுக் கும்பிட்டுட்டு நட, புண்ணியம் கிடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மகாராணியும் சிரித்தார். கொக்கும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

கைகழுவும் இடத்துக்குத் திரும்பிப் போனேன். குழாயைத் திறந்து சும்மா கையைக் கழுவினேன்.

அவளே சொன்னாள்: "நீ ஒரு நாளைக்கு நூறு பேசுவேக்கா. எல்லாரும் அங்கேயே உதறிட்டுப் போயிடுவாங்க. நான் அந்த ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். மறுநாள் வந்து ஒரே ஒரு தடவை நின்னு பாத்தேன், பெரியக்கா வர்றாங்களான்னு. வரலே."

"அவங்க கீழே போனா—"

"எனக்குத் தெரியாதா? அவங்க மேலே வந்த முதல் நாளே அந்த விசில் சத்தத்தைக் கேட்டவ நான். ஆனா காலைத் தூக்கினா, தரையில உன் குரல் கேட்குது."

அதாவது — நான்தானா? இந்தப் பதினைந்து நாள், ஒரு மாதம், ஊரெல்லாம் துப்பு துலக்கியது — நானே திருடி, நானே போலீஸ்.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அடி கணக்கை மட்டும் கேட்டு மனசுக்குள் போட்டார். "ஒன்பது வருஷத்துக்கு அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல வருது. என் வண்டின்னா ஆயில் மாத்தியிருப்பாங்க." சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

இன்று வேலையில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலா என்று நாலு பேர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஜூன் 21, சனி

மகாராணி பக்கமும் தெரிந்துகொள்ள வேண்டாமா. பாதிக் கதையோடு எப்படித் தூங்குவது? பஸ் நிறுத்தம்வரை கூடவே போனேன். பையைத் தூக்கிக்கொண்டேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னடி, பை தூக்கற அளவுக்கு என்ன வேணும் உனக்கு?"

"அக்கா, ஒரு அஞ்சடி. நீங்க நடந்தா முடிஞ்சு போச்சு. அவ உருகிடுவா. ஏன்க்கா?"

ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை.

"நான் ஒரு நாளாவது வான்னு கூப்பிட்டேனா? முதல் நாள் எனக்கு மூச்சு வாங்கிச்சு, அவளா வந்தா. மறுநாள் மூச்சு சரியாயிடுச்சு, அப்பவும் வந்தா. என்மேல பிரியம்னு நெனச்சேன். வீட்டுல எம்மருமக எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணி குடுக்கமாட்டா. இங்க ஒருத்தி முன்னூறு தடவை வர்றா. அது கணக்குன்னு எனக்குத் தெரியாதே."

"கணக்கு இல்லக்கா..."

"அஞ்சடி பெரிசில்லடி. இப்ப நான் நடந்தா, ஒன்பது வருஷமும் அவ வேலைக்காரியா வந்தா, நான் அதை வாங்கிக்கிட்டேன்னு ஆயிடும்ல? அதை எப்படி ஒத்துக்கறது? அதுக்குக் கீழேயே போறேன். விசில் அடிச்சா அடிக்கட்டும்."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். பை என் கையிலேயே இருந்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

யோசிக்க யோசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. ஒருத்தி நடந்ததைப் பாரமாக நினைக்கவே இல்லை, நான் சொல்கிறவரைக்கும். ஒருத்தி நின்றதைப் பெருமையாக நினைக்கவே இல்லை, நான் சொல்கிறவரைக்கும். இருவரும் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள், அதற்குப் பேர் இல்லை. நான் பேர் வைத்தேன். கெட்டது.

ஜூன் 23, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் நடுவில் நின்று சொல்லிவிட்டேன்.

"இது நான் பண்ணின வேலை. அந்தத் தரையைக் காட்டிச் சொன்னது கிண்டலுக்கு. அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் இல்லே. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள்.

முதலில் ஒருவரையொருவர். முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சு.

"இவ பேச்சைக் கேட்டா நீ நின்னே? கல்யாண வீட்டுல மைக் செட்டு மாதிரி கத்திக்கிட்டே இருப்பாளே, இவ பேச்சையா?" என்றார் மகாராணி.

"நீங்க மட்டும் என்ன பெரியக்கா? மகாராணின்னதும் பல்லு தெரியச் சிரிச்சீங்கல்ல!"

"எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்சேன். உனக்கு வலிக்குதுன்னா வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதானே?"

"வாயைத் திறந்து நீங்க வந்திருக்கலாமே!"

"வாயால எப்படிடி வர்றது?"

இடி அண்ணன் சிரிப்பை அடக்க மெஷினுக்குள் தலையை விட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஜோடியாக வேலை செய்கிறவர்கள் அல்லவா, அதிலும் நல்ல ஒற்றுமை. கொக்கு விட்ட இடத்தில் மகாராணி பிடித்தார், அவர் மூச்சு வாங்கியபோது இவள் தொடர்ந்தாள். என் கத்தரிக்கோல் விஷயம்கூட வெளியே வந்துவிட்டது, எப்படியென்று தெரியவில்லை.

கடைசியில் மகாராணி தீர்ப்பு: "இந்த ரூமுக்குள்ள இனிமே நீ யாரையும் கிண்டல் பண்ணக்கூடாது. சிரிக்கவும் கூடாது."

"எவ்வளவு நாளைக்குக்கா?"

"பாரு, இப்பவே!"

ஜூன் 25, புதன்

என்னோடு இருவரும் பேசுவதில்லை. அவர்களுக்குள் பேசுகிறார்கள், ஆனால் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்திருக்கிற மாதிரி. "ஷீட்டு ஈரமா இருக்கு." "ஆமா, ஈரமா இருக்கு." அவ்வளவுதான். காலைத்தான் ஒருவரும் எடுக்கவில்லை. கொக்கு நடந்தால் பழையபடி அவள் வேலைக்காரி. மகாராணி நடந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டது. மன்னிப்பு கேட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேனே. வாய் முடித்துவிட்டது, கால் இன்னும் முடிக்கவில்லை.

மேசையில் போட்டு இழுக்கிறார்கள். மலை குறையவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தரைக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிடலாமா என்று இடி அண்ணனைக் கேட்டேன். அவர் வீட்டில் அரை டப்பா இருக்கிறதாம். வேண்டாம் என்று நானே விட்டேன். இருப்பதை இல்லை என்று ஆக்கினால் அதுவும் ஒரு கிண்டல்தானே.

சூப்பர்வைசர் மேடத்திடம் போய், கீழே என்னை அனுப்புங்கள் என்றும் சொன்னேன். ரோலருக்கு நிரந்தரமாக வேறு ஆள் யார் என்று கேட்டார். இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

மகாராணி தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். சீப்பு, மாத்திரை, மாற்றுச் செருப்பு. கொக்கு பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்தேன். என்ன நினைக்கிறாள் என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஜூன் 30, திங்கள்

பத்து மணிக்கு மேடம் வந்து சுவரோரம் நின்றார். கையில் இடமாற்ற ஆர்டர் தாள்.

நான் ரோலரில் முதல் ஷீட்டை விட்டேன். அந்தப் பக்கம் வந்தது. இருவரும் முனைகளைப் பிடித்தார்கள். உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். நின்றார்கள். நான் எண்ணினேன். நாலுவரை போயிற்று.

கொக்கு நடந்தாள். மகாராணியும் நடந்தார்.

முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளவில்லையாம். (வண்டிக்காரரை விட்டு விசாரித்துவிட்டேன்.) ஒன்பது வருடப் பழக்கத்தில் கொக்கு, எதிரில் இருப்பவர் நிற்பார் என்ற கணக்கில் அஞ்சு அடியும் வந்தாள். மகாராணிக்கு நடந்து பழக்கம் இல்லாததால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கையைத் தூக்கிப் பிடித்திருந்ததால் ஷீட் மறைத்தது. மோதிய சத்தம் ரோலரைத் தாண்டிக் கேட்டது.

"என்ன உடைஞ்சுது?" என்று இடி அண்ணன் முழங்கினார்.

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், ஷீட் இருவர்மேலும்.

"நீ ஏண்டி வந்தே?"

"நீங்க ஏன் பெரியக்கா வந்தீங்க?"

கொக்கு ஷீட்டின் ஒரு முனையை நனைத்து மகாராணி நெற்றியில் வைத்தாள். மகாராணி மறுமுனையை அவள் மோவாயில் வைத்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலா இன்னும் வலிக்கிறது.

மேடம் ஆர்டர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விபத்துப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்றார். அறையில் பேனா வைத்திருப்பது நான்தான். எழுதினேன்.

காயம்: நெற்றி ஒன்று, மோவாய் ஒன்று.
வேலை நின்றது: பத்து நிமிடம்.
பாழானது: ஷீட் ஒன்று, மறுபடி துவைக்க அனுப்பப்பட்டது.
காரணம்: இரண்டு பேரும் நடந்தார்கள்.